சுவர்களை மட்டும் கேட்டவர்

பெர்லினில் ஜெர்மன் ஜனாதிபதியின் மாளிகையைத் திருத்தப் போகிறார்கள், அதுவரை அவருடைய அலுவலகம் வேறிடத்தில் இயங்கும் என்று கைபேசியில் செய்தி வந்தது. எனக்கு ஜனாதிபதியின் முகம் நினைவுக்கு வரவில்லை. ஹம் நகரத்து அக்கா ஒருவரின் வலது உள்ளங்கைதான் நினைவுக்கு வந்தது. "பூச்சை உரிக்கப் போறாங்கள் தம்பி. இனித்தான் சுவர் கதைக்கும்" என்று அவர் சொல்லியிருப்பார். சந்தோஷம் தாங்காமல் இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டு சொல்லியிருப்பார்.

எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் செய்வது அதுதான்: உள்ளங்கையைச் சுவரில் வைப்பார். காய்ச்சல் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் வைத்திருப்பார். பிறகு விரல் முட்டியால் இரண்டு தட்டு. பிறகு அந்த வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்து, "இது அதுக்கு முதல் என்னவா இருந்தது?" என்பார். பதில் வந்தால், "சரி, அதுக்கு முதல்?" அதற்கும் பதில் வந்தால் மறுபடியும், "அதுக்கு முதல்?" வீட்டுக்காரர் களைத்துப்போய் "தெரியாது அக்கா, தேத்தண்ணி குடியுங்கோ" என்று சொல்லும்வரை விடமாட்டார்.

தொழிலும் அதற்குத் தோதானது. பழைய கட்டடங்களைத் திருத்துவதற்கு முன்னால் அளந்து வரையும் அலுவலகம் ஒன்றில் வேலை. கட்டடக்கலை படித்தவர். சட்டைப்பையில் எப்போதும் அளவுநாடாவும் சின்ன டோர்ச்சும் இருக்கும். கோயிலுக்குச் சேலை கட்டிப் போகும் நாளிலும் கைப்பைக்குள் அவை இருக்கும், திருநீற்றுக்குப் பக்கத்திலேயே. "சுவர் பொய் சொல்லாது தம்பி, பெயின்ற்தான் சொல்லும்" என்பது அவருடைய வேதவாக்கு. ஹம் நகரத்துப் பூங்காவில் ஒரு பிரம்மாண்டமான கண்ணாடி யானை இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அதன் தும்பிக்கையைப் படம் எடுப்பார்கள். அக்கா யானையின் வயிற்றைக் காட்டி, "உது நிலக்கரி கழுவின ஆலை. யானை பிறகுதான் வந்து ஏறினது" என்பார். அப்படிச் சொல்வதில் யானையைக் குறைக்கும் எண்ணம் இல்லை அவருக்கு. ஆலைக்கு ஒரு மரியாதை கூடுகிறது, அவ்வளவுதான்.

நான் அவரைச் சந்தித்தது ஈழத் தமிழர்கள் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். தமிழ்நாட்டிலிருந்து மேற்படிப்புக்கு ஹம் வந்த புதிதில், மேல்வகுப்புக்கு இலக்கணம் எடுக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டு நானே போய் நின்றேன். எனக்கு அப்படித்தான், எதையாவது செய்யாவிட்டால் கால் அரிக்கும். ஒரு தேவாலயத்தின் நிலவறையில் வகுப்புகள் நடந்தன. முதல் நாளே மூன்று பேர் என்னைப் பேட்டி எடுத்தார்கள். இந்தியாவிலை எவடம்? அப்பா என்ன செய்யிறார்? வீட்டிலை மச்சம் மாமிசம் சாப்பிடுவியளோ? குலதெய்வம் எது? எல்லாம் அன்பாகத்தான். கேள்விகள் எங்கே போய் முட்டும் என்று எனக்கும் தெரியும். எங்கள் ஊரிலும் இதே கேள்விகள் உண்டு, வரிசை மட்டும் மாறும்.

நான்காவதாக வந்தவர் அக்கா. ஒரு தட்டில் வடையோடு வந்தார். நான் தயாராக நின்றேன்.

"தம்பி, இந்த நிலவறை அதுக்கு முதல் என்னவா இருந்தது, சொல்லும் பாப்பம்?"

நான் முழித்தேன்.

"உலக யுத்த காலத்திலை சனம் குண்டுக்குப் பயந்து ஒளிச்சிருந்த இடம். கதவின்ரை தடிப்பைப் பாரும். அதுக்கு முதல் கரி கொட்டி வைச்சவை. வடையைச் சாப்பிடும், ஆறுது."

அவ்வளவுதான் பேட்டி. சுவருக்கு வந்த கேள்வி எனக்கு வரவில்லை. அப்போது அதை நான் கவனிக்கவில்லை.

இந்தக் குணம் அவரை நல்ல சிக்கல்களில் மாட்டிவிட்டிருக்கிறது. ஒரு குடிபூரலுக்கு, அதாவது கிரகப்பிரவேசத்துக்கு, எங்கள் பள்ளிக்கூட ஆட்கள் எல்லோரும் போயிருந்தோம். புது வீடு என்றால் இவர்களுக்குப் புது வீடு, ஜெர்மன்காரனுக்கு மிகப் பழைய வீடு. ஐயர் பாலைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார். அக்கா சுவரில் கை வைத்தார், தட்டினார், அண்ணாந்து பார்த்தார். முன்னறையின் உத்தரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள், சுண்ணாம்பு அடைத்து மூடியவை.

"அட, கொக்கி மாட்டின இடம். இது இறைச்சிக்கடையல்லோ! பண்டி இறைச்சி தொங்கியிருக்கும். பாருங்கோ, தரை நடுவுக்குச் சரியுது. ஓட்டுக்குக் கீழை வடிகால் இருக்கும், கட்டாயம் இருக்கும்."

பால் பொங்கியதா என்று யாரும் பார்க்கவில்லை. வீட்டுக்காரரின் மாமியார் மஞ்சள் தண்ணீரை எடுத்துக்கொண்டு இரண்டாம் சுற்றுத் தெளிக்கப் புறப்பட்டார். வீட்டுக்காரர் அக்காவோடு பேச்சை நிறுத்தினார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது; அக்காவைப் பார்த்தால் சிரிப்பு வந்தது.

"ஏன் அக்கா, இன்னிக்கே சொல்லணுமா?" என்றேன் வெளியே வந்ததும்.

"பின்னை? நல்ல வடிகால் தம்பி. சொல்லாமல் விட்டா அதுகளுக்கு எப்பிடித் தெரியும்?"

அடுத்த வருடம் அந்த வீட்டில் குழாய் வெடித்தது. வீட்டுக்காரர் தரை ஓட்டைப் பெயர்த்து வடிகாலைத் தேடிக் கண்டுபிடித்தார். தண்ணீர் முழுவதும் சத்தமில்லாமல் இறங்கிப் போனது. அன்று பின்னேரமே அக்காவுக்குத் தொலைபேசி. "அக்கா, உங்கடை இறைச்சிக்கடைக்காரன் நல்லாயிருக்க வேணும்" என்றாராம்.

ஆனால் எல்லா இடத்திலும் குழாய் வெடித்து நியாயம் கிடைக்குமா? பள்ளிக்கூடக் கட்டட விஷயத்தில் அக்கா செய்த காரியம் பள்ளிக்கூடத்தையே ஆட்டிவிட்டது.

தேவாலயத்தை மூடப் போகிறார்கள், நிலவறையைக் கோடை விடுமுறைக்குள் காலி செய்ய வேண்டும் என்று அறிவித்துவிட்டார்கள். ஏற்கெனவே பலமுறை இடம் மாறிய பள்ளிக்கூடம். ஒவ்வொரு மாற்றத்திலும் சில பிள்ளைகள் உதிர்ந்து போனார்கள். இன்னொரு மாற்றத்தை, அதுவும் இடமே இல்லாத மாற்றத்தை, அது தாங்காது என்று எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத் தலைவர் அண்ணைக்கு அதிகம் தெரியும். பலசரக்குக் கடை வைத்திருப்பவர். ஆரம்ப காலத்தில் கரும்பலகையைத் தன் வான் வண்டியில் ஏற்றி, ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒவ்வொரு மண்டபமாகக் கொண்டு திரிந்தவர். மேசை நாற்காலி எல்லாவற்றிலும் அவருடைய முதுகுவலி இருக்கிறது.

அந்த நேரம் நகரசபை ஒரு கட்டடத்தைக் காட்டியது. ஆற்றங்கரையோரம், சிவப்புச் செங்கல், உயரமான ஜன்னல்கள். பெயின்ற் கடையாக இருந்து மூடிக் கிடந்தது. குறைந்த வாடகை, நீண்ட ஒப்பந்தம். வருகிற திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். நிர்வாகக் குழு போய்ப் பார்த்தது. தலைவர் எந்தச் சுவரில் சரஸ்வதி படம், எந்த மூலையில் செருப்பு வைக்கும் தட்டு என்பதுவரை நின்ற நிலையிலேயே தீர்மானித்துவிட்டார். அக்கா மட்டும் கீழே இறங்கிப் போய் வெகுநேரம் வரவில்லை.

அன்று மாலையே கூட்டம். எல்லோர் முகத்திலும் வெளிச்சம். "அப்ப எடுப்பம்" என்று தலைவர் சொல்லி முடிக்கவில்லை, அக்கா கையை உயர்த்தினார்.

"எடுக்க முதல் ஒண்டு சொல்ல வேணும். பெயின்ற் கடைக்கு முதல் அது சைக்கிள் கடை. அதுக்கு முதல்…" டோர்ச்சை மேசையில் வைத்தார். "அதுக்கு முதல் தோல் பதனிட்ட இடம். கீழை சுண்ணாம்புக் குழியள் அப்பிடியே கிடக்கு, மூடி வைச்சிருக்கினம். ஆத்தங்கரை வேறை. சந்தேகமில்லை."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"தோலோ?"

"மாட்டுத் தோல்தானே?"

"அதுக்குள்ளை வைச்சு தேவாரம் படிப்பிக்கிறதோ?"

"மணக்காதோ?"

மணம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். அன்று காலை அந்தக் கட்டடத்துக்குள் நின்று ஆசையாக மூச்சு விட்டவர்கள் எல்லோருக்கும் மாலையில் மணந்தது. அந்த வேலை நின்று எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது என்று அக்கா சொன்னார். எடுபடவில்லை. எங்கள் அம்பாள்கூட நகரத்தின் ஓரம் ஊன்ட்றொப்பில் தொழிற்பேட்டைக்கு நடுவில்தானே கோயில் கொண்டிருக்கிறாள் என்றார். "அது வேறை, இது வேறை" என்றார் தலைவர். எப்படி வேறு என்று யாரும் சொல்லவில்லை. சாதி என்ற சொல்லை ஒருவர்கூட வாயால் எடுக்கவில்லை. மணம், மணம் என்றார்கள்.

யாரோ ஒருவர் பகிடி விட்டார். "அப்ப திறப்பு விழாவுக்கு ஆரைக் கூப்பிடுறது? செருப்புத் தைக்கிறவையையோ?"

நல்ல சிரிப்பு. சிரிப்பு ஓயுமுன்னே சின்ன வகுப்பு ரீச்சர் எழுந்து போய்த் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினார். அவர் பள்ளிக்கூடத்தின் தொடக்க நாளிலிருந்து இருப்பவர். அகரம் எழுதுவதும் தேவாரம் பாடுவதும் ஹம் பிள்ளைகளுக்கு அவரிடமிருந்துதான் வந்தது. அந்தக் கோப்பைகள் ஏற்கெனவே கழுவியவை. அக்கா அதைப் பார்த்தார். எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எனக்கு ஒண்டுமில்லை தங்கச்சி" என்றார் தலைவர், கூட்டம் கலையும்போது. "சனம் பிள்ளையளை அனுப்பாது. அதைத்தான் பாக்கிறன்."

வெளியே நான் வெடித்தேன். "அக்கா, கையெழுத்துப் போட்ட பிறகு சொல்லியிருக்கலாம்ல? இப்ப பாருங்க, ஸ்கூலே போச்சு!"

"கையெழுத்து வைச்சாப் பிறகு சொன்னா அது களவு தம்பி" என்றார். கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு தலைவரின் வான் வண்டியை நோக்கித் திரும்பி ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

"அண்ணை, நாளையிண்டைக்கு ஞாயிறு, கடை பூட்டுத்தானே? பெர்லினுக்குப் போவம். இந்த நாட்டுத் தலைவர் இருக்கிற மாளிகையை உங்களுக்குக் காட்ட வேணும். அதைப் பாத்தாப் பிறகும் இந்தக் கட்டடம் வேண்டாம் எண்டு சொன்னீங்களெண்டால், திங்கக்கிழமை நகரசபைக்கு நானே போய் ஏலாது எண்டு சொல்லுறன். பிறகு வாயே திறக்கன்."

"மாளிகைக்கும் இதுக்கும் என்ன பிள்ளை சம்பந்தம்?"

"வந்து பாருங்கோவன்."

அக்கா இனி வாயே திறக்கமாட்டார் என்ற வாக்குறுதியில்தான் தலைவர் மயங்கியிருக்க வேண்டும்.

நாலு பேர் போனோம்: தலைவர், சின்ன வகுப்பு ரீச்சர், அக்கா, நான். நாடெங்கும் உள்ளூர் ரயிலில் மட்டும் செல்லும் மாதச் சீட்டு எல்லோரிடமும் இருந்ததால் விரைவு ரயில் இல்லை, உள்ளூர் ரயில்கள்தான். விடியுமுன் ஏறி, மின்டனில் மாறி, ஹனோவரில் மாறி, மறுபடி மாறி, மறுபடி மாறி. ஒவ்வொரு மேடையிலும் ரீச்சரின் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்று வெளிவந்தது. முதலில் கறி வைத்துச் சுருட்டிப் பொரித்த றோல்ஸ், பிறகு இடியப்பமும் சம்பலும், பிறகு மறுபடி றோல்ஸ். தலைவர் மாளிகைக்கென்று கோட்டுப் போட்டு வந்திருந்தார். கால் மடக்க இடமில்லாத ரயிலில் கோட்டைக் கசங்காமல் காப்பாற்றுவதே அவருக்குப் பயணமாகிவிட்டது.

எனக்குச் சும்மா இருக்க முடியுமா? மக்டபூர்க் வருவதற்குள் அந்த மாளிகையைப் பற்றிக் கைபேசியில் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டேன். ஒரு வரியில் கண் நின்றது. "அக்கா! இது…" என்று எழும்பினேன். அக்கா ஒரு றோல்ஸை என் வாயருகே நீட்டினார். "சாப்பிடும்." வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். இப்போது நினைத்தாலும் அந்த அடக்கத்துக்காக என்னையே மெச்சிக்கொள்கிறேன். பெர்லின் வரை ஒரு ரகசியத்தை நான் வைத்திருந்தது அதுவே முதலும் கடைசியும்.

மாளிகையின் பெயரிலேயே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. இறங்கி ஆற்றோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தால், மரங்களுக்கு நடுவே, வேலிக்கு அப்பால், வெள்ளை வெளேரென்று நீண்டு கிடக்கிறது. நடுவில் முக்கோண முகப்பு, இரண்டு பக்கமும் இரண்டு சிறகு, கூரையில் கொடி. வெள்ளை என்றால் நேற்றுத் தீட்டியதுபோல வெள்ளை.

தலைவர் கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். "இதல்லோ வீடு" என்றார். "தம்பி, ஒரு படம் எடும். கொடியும் விழ வேணும்."

எடுத்தேன். கொடியும் விழுந்தது.

"வடிவோ அண்ணை?" என்றார் அக்கா.

"கேக்க வேணுமே! ராசாக்கள் கட்டினதெண்டால் சும்மாவே?"

"ராசா இல்லை. ராசான்ரை கடைசித் தம்பி. கோடைகாலத்துக்கு வந்து இருக்கக் கட்டினவர்." அக்கா வேலிக் கம்பியில் உள்ளங்கையை வைத்தார். சுவர் எட்டாததால் கம்பி. "அதுக்கு முதல்?"

"துவங்கியாச்சு" என்றார் தலைவர்.

"அதுக்கு முதல் இந்த நிலத்திலை ஒரு ஆலை இருந்தது அண்ணை. இளவரசர் வாங்கேக்கை ஆலைக் கட்டடம் நல்ல நிலையிலை நிண்டிருக்கு. இடிச்சா நட்டம். ஒரு பக்கச் சிறகுக்குள்ளை அந்தச் சுவரையும் சேத்துக் கட்டிப்போட்டாங்கள். பிறகு உலகப்போரிலை குண்டு விழுந்து எரிஞ்சு, திருப்பிக் கட்டினது. இப்ப நிக்கிறதிலை எவ்வளவு பழைய கல்லு எண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன். ஆனா இளவரசர் படுத்தெழும்பினது அந்த ஆலைச் சுவரோடைதான்."

"என்ன ஆலை?" என்றார் தலைவர். அவர் குரல் கேட்கும்போதே இறங்கியது. அவருக்கு விளங்கிவிட்டது.

"தோல் ஆலை."

நடைபாதையில் ஒரு சைக்கிள் மணியடித்துப் போனது.

"அந்த முகப்பின்ரை உச்சியிலை நிக்கிற மூண்டு சிலையையும் பாருங்கோ" என்றார் அக்கா, கையை நீட்டி. "ஒண்டு கமம், உழவுத் தொழில்; ஒண்டு மீன்பிடி, ஒண்டு வேட்டை. இந்த மண்ணிலை வேர்த்து வேலை செய்த தோல்காரனை மட்டும் காணேல்லை. குறூப் போட்டோ எடுக்கேக்கை அவனைத் தள்ளி நிக்கச் சொல்லிப்போட்டாங்கள் போல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைவருக்கு வரவில்லை. அவருடைய முகம் இருண்டு போயிருந்தது. விடியற்காலையில் எழுப்பி, கோட்டுப் போட வைத்து, இவ்வளவு தூரம் இழுத்து வந்து, ஜனாதிபதி வீட்டு வாசலில் வைத்துத் தனக்குப் பாடம் எடுக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அது பிழையுமில்லை.

"நல்லது" என்றார். "எல்லாத்துக்கும் அதுக்கு முதல், அதுக்கு முதல் எண்டு கேக்கிறீர். அப்ப நானும் ஒண்டு கேக்கிறன். உம்மடை ஆக்கள் ஊரிலை எவடம்? இவ்வளவு காலமாப் பழகிறம், ஒரு நாளும் சொல்லேல்லையே நீர்."

தமிழ் தெரியாத யாராவது கேட்டிருந்தால், ஊர் விசாரிக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். எங்கள் நால்வருக்கும் அது என்ன கேள்வி என்று தெரியும். ரீச்சர் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியை இறுக்கி மூடினார்.

அக்கா கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

"அண்ணை, நான் சுவரைத்தான் கேக்கிறனான். சுவரைக் கேட்டா அது கூசாது. அது அங்கையேதான் நிக்கும். ஆக்களைக் கேட்டா, அவையள் எங்கை போய் நிக்கிறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எத்தனை வீடு, எத்தனை கட்டடம், யானையின் வயிற்றைக்கூட விடாத மனுஷி, ஒரு ஆளைப் பார்த்து ஒரு தடவையாவது அந்தக் கேள்வியைக் கேட்டதுண்டா? நிலவறையில் என்னிடம் வடைத்தட்டோடு வந்தது நினைவுக்கு வந்தது. அவர் இயல்பாக விட்டுவிட்ட கேள்வி என்று நான் நினைத்திருந்தேன். தெரிந்தே, ஒவ்வொரு ஆளிடமும், ஒவ்வொரு தடவையும் கேட்காமல் இருந்திருக்கிறார்.

தலைவர் வாயைத் திறந்தார். அதற்குள் வேறொரு குரல் வந்தது.

"என்ரை அப்பு செருப்புத் தைச்சவர்" என்றார் சின்ன வகுப்பு ரீச்சர்.

அவர் எங்களைப் பார்க்கவில்லை. மாளிகையைப் பார்த்துச் சொன்னார். "ஒருத்தரும் கேக்கேல்லை. நானாத்தான் சொல்லுறன். தோல் ஊற வைச்ச தண்ணி எங்கடை வீட்டு வளவிலை ஓடும். மணக்கும், ஓம். அந்த மணத்திலை இருந்துதான் நான் தேவாரம் பாடமாக்கினனான். இவ்வளவு காலமும் உங்கடை பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்தது அதைத்தான், அண்ணை. ஒருத்தருக்கும் மணக்கேல்லை."

அக்கா நினைத்து வந்தது ஒரு சுவரைக் காட்டுவதற்கு, இதற்கல்ல. முதல் தடவையாக அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தேன். வேலிக்கு உள்ளே காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் ஒருவர், இந்த நாலு பேரும் ஏன் இப்படி அசையாமல் நிற்கிறார்கள் என்று சந்தேகப்பட்டோ என்னவோ, தலையசைத்து வணக்கம் சொன்னார். தலைவர் மட்டும் பதிலுக்குத் தலையசைத்தார்.

"ரயிலுக்கு நேரமாகுது" என்றார்.

திரும்பும்போது அவர் தனியாக, எதிர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். ரீச்சர் ஒரு றோல்ஸை நீட்டியபோது எடுத்துக்கொண்டார், ஆனால் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். எனக்குப் பேசாமல் இருப்பது வதை. அக்காவிடம் குனிந்து, "கதை முடிஞ்சுதா அக்கா? திங்கக்கிழமை நீங்க போய் வேண்டாம்னு சொல்லணுமா?" என்றேன். "சொன்ன சொல்லு சொல்லுத்தான்" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை, இமை துடித்துக்கொண்டிருந்தது.

ஹனோவரில் மாற வேண்டியிருந்தது. ரயில் தாமதம். மேடையில் நின்றோம். தலைவர் நடந்து நடந்து கடைசியில் அக்காவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"தோல் ஆலைக்கு முதல்?"

அக்கா திரும்பிப் பார்த்தார். "என்ன அண்ணை?"

"உம்மட்டைத்தான் கேக்கிறன். அந்த மாளிகை நிலம். அதுக்கு முதல் என்ன?"

"ராசான்ரை கட்டடக்காரர் ஒருத்தர் தோட்டமும் பாற்பண்ணையும் வைச்சிருந்தவர்."

"அதுக்கு முதல்?"

"அதுக்கு முதல், பிரான்சிலையிருந்து மதத்துக்காகக் கலைக்கப்பட்டு ஓடி வந்த சனம் அண்ணை. அகதியள். பட்டுப்பூச்சி வளருங்கோ எண்டு சொல்லி, மல்பெரி மரம் வைக்க அந்த நிலத்தைக் குடுத்தவை."

"மரம் பிடிச்சதோ?"

"இல்லை. மணல் நிலம்."

"அகதியளுக்கு எந்தக் காலத்திலையும் மணலைத்தான் குடுப்பாங்கள்" என்றார் தலைவர். கையிலிருந்த றோல்ஸைக் கடித்தார். மென்று விழுங்கினார். கோட்டில் விழுந்த துகளைத் தட்டாமல் விட்டார்.

"எங்களுக்குச் செங்கல் கட்டடம் கிடைச்சிருக்கு. எடுப்பம்."

"சனம் பிள்ளையளை அனுப்பாது எண்டீங்கள்?"

"அனுப்பாதவையின்ரை வீட்டுக்கு நான் போய்க் கேக்கிறன், ஏன் அனுப்பேல்லை எண்டு. மணம் எண்டு சொல்லட்டும் பாப்பம்."

அக்கா ஹனோவர் நிலையத்தின் தூண் ஒன்றில் உள்ளங்கையை வைத்து நின்றார். அன்று அதன் பழைய கதையை அவர் எங்களுக்குச் சொல்லவில்லை. பிடிமானத்துக்காக வைத்தார் என்று நினைக்கிறேன்.

மூன்று குடும்பங்கள் பிள்ளைகளை நிறுத்தின. ஒரு குடும்பம் தீபாவளிக்கு முன் திரும்பி வந்தது. மற்ற இரண்டும் வரவில்லை. தலைவர் இரண்டு வீட்டுக்கும் போய்க் கேட்டார். ஒரு வீட்டில் தேத்தண்ணி கொடுத்து மழுப்பினார்கள், மற்ற வீட்டில் கதவே திறக்கவில்லை.

திறப்பு விழாவன்று வாசலில் கூட்டம். ஐயர் தேங்காயோடு தயார். தலைவர் அதே கோட்டு. சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார், கூட்டத்தைப் பார்த்தார், அன்று பகிடி விட்ட மனிதரையும் பார்த்தார். பிறகு, "ரீச்சர், வாங்கோ. நீங்கள் திறவுங்கோ" என்றார். ஏன் என்று விளக்கம் சொல்லவில்லை. சின்ன வகுப்பு ரீச்சர் வந்து சாவியைப் போட்டுத் திருப்பினார். கதவு அசையவில்லை. மறுபடி திருப்பினார். கூட்டத்தில் முணுமுணுப்பு, நல்ல சகுனமில்லை என்பதுபோல. அக்கா பின்னாலிருந்து ஆட்களைத் தள்ளிக்கொண்டு வந்தார். "பழைய மரம், மழைக்கு ஊதியிருக்கு" என்று சொல்லித் தோளால் ஒரு இடி இடித்தார். கதவு திறந்தது. இருவரும் ஒருவர்மேல் ஒருவர் விழப்போய், கையைப் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள்.

தலைவர் பேசினார். "இது முந்திப் பெயின்ற் கடை. அதுக்கு முதல் சைக்கிள் கடை. அதுக்கு முதல் தோல் பதனிட்ட இடம்" என்று ஒளிக்காமல் சொன்னார். பிறகு கூட்டத்தில் அக்காவைத் தேடி, "தங்கச்சி, அதுக்கு முதல்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"புல்வெளி அண்ணை" என்றார் அக்கா கடைசி வரிசையிலிருந்து. "ஆறு பெருகினா தண்ணி நிக்கும். புத்தக அலுமாரியைக் கல்லுக்கு மேலை வையுங்கோ."

வைத்திருக்கிறார்கள். போன மாதம் ஹம் போனபோது பார்த்தேன். அக்கா இப்போது அங்கே இல்லை. கிழக்கே எங்கோ ஒரு சின்ன நகரத்தில் பழைய தெருவொன்றை முழுவதுமாக அளக்கும் வேலை, வீடு வீடாக. ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் அந்தக் கை படும் என்று நினைத்துக்கொள்கிறேன். நானும் வேலைக்கு ஹனோவர் வந்துவிட்டேன். புதிதாக ஒரு தமிழர் அறிமுகமானால் நாக்கு நுனிவரை வரும் கேள்வியை விழுங்கி, வடைத்தட்டை நீட்டி ஆறுமுன் சாப்பிடச் சொல்கிறேன்.

இதை வாசித்துவிட்டு உங்களில் சிலர் விசாரிப்பீர்கள். அந்த அக்கா யார், பெயர் என்ன என்று முதலில். பிறகு, ஊரில் எவடம் என்று. பெயர் எனக்குத் தெரியும், எழுதவில்லை. எழுதினால் இரண்டாவது கேள்விக்கு அது வழி விட்டுவிடும். இரண்டாவது கேள்விக்குப் பதில் எனக்கே தெரியாது.

அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.